கன்னங்குறிச்சி வீட்டில் சோலார் ஹீட்டரைப் பழுதுபார்த்த குறிப்புகள்

சேலத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், மூக்கனேரிக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. 2011-இல், மத்திய அரசு சூரிய வெந்நீர்க் கலன்களுக்கு மானியம் அளித்துவந்த காலத்தில், 150 லிட்டர் கொள்ளளவும் 15 கண்ணாடி டியூப்களும் கொண்ட சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்றை மொட்டை மாடியில் பொருத்தினோம். 2019-இல் தென்னை மட்டை விழுந்து இரண்டு டியூப்கள் உடைந்தன. அப்போது நான் பள்ளி வேலையில் இருந்தேன். சரிசெய்ய நேரம் ஒதுக்காமல், குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்றை மாட்டிக்கொண்டோம். அதன் பிறகு சோலார் ஹீட்டர் துணி காயவைக்கும் கம்பமாகத்தான் பயன்பட்டது. பணி ஓய்வு பெற்ற பின், சென்ற ஆண்டு புரட்டாசியில் அதை மீண்டும் ஓடவைத்தேன். அந்த வேலையில் கண்டதையும், அதற்குப் பின் எழுதிவைத்த அளவுகளையும் இங்கே பதிகிறேன்.

தூண்டுதல் ஒரு மின் அளவீட்டில் தொடங்கியது. எங்கள் அம்மாவுக்கு 84 வயது. ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் அவருக்கு வெந்நீர் வேண்டும், மாசி முடியும் வரை வேண்டும். வீட்டில் நான்கு பேர். ஒருநாள் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கீசரை மட்டும் ஓடவிட்டு, நால்வரும் குளித்து முடித்த பின் மீட்டரைப் பார்த்தபோது 2.6 யூனிட் ஏறியிருந்தது. ஆளுக்கு 25 லிட்டராக 100 லிட்டர் நீரை 24 பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்திலிருந்து 42 பாகைக்குச் சூடாக்க 2.1 யூனிட் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மீதி அரை யூனிட், கீசரின் உடம்பிலும் குழாயிலும் வீணாகப் போனது. ஜூலை தொடக்கம் முதல் பிப்ரவரி முடிய எட்டு மாதங்களுக்குக் கணக்கிட்டால் 600 யூனிட்டுக்கு மேல் வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கை ஒட்டி, நாட்டின் மின்தொகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், எங்கள் குளியலுக்கு மட்டும் ஆண்டுக்கு 430 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயு வெளியேறுகிறது. 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்தால் வெளிவருவது ஏறத்தாழ 42 கிலோ. அதாவது பத்து சிலிண்டர்களை எரித்த அளவு.

வேதியியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு இந்த எண்ணைவிட அதிகம் உறுத்தியது அதன் வழிமுறை. எங்கள் மாவட்டத்திலேயே மேட்டூரில் 840 மெகாவாட், 600 மெகாவாட் என இரண்டு அனல்மின் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இதில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தைக் கம்பிவழியே கொண்டுவந்து, மறுபடியும் தண்ணீரைச் சூடாக்கவே நாம் செலவிடுகிறோம். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் குளிப்பது காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில், சூரியத் தகடுகள் உறங்கும் நேரத்தில்.

புதிதாக வாங்கலாமா என்று விற்பனையாளர் ஒருவரைக் கேட்டேன். அவர் மாடிக்கு வந்து பார்க்காமலேயே, பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு 27,000 ரூபாய்க்குப் புதியது மாட்டிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும், அதைச் சுற்றியுள்ள வெப்பக்காப்பும், போரோசிலிகேட் கண்ணாடியும் ஏற்கனவே உலையில் வெந்து, அதற்குரிய கரியைக் காற்றில் கலந்துவிட்டு எங்கள் மாடிக்கு வந்திருப்பவை. அவற்றில் எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கிப்போட மனம் ஒப்பவில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த தம்பி ஒருவர் இப்போது பிளம்பராக இருக்கிறார், அவரை அழைத்துக்கொண்டேன்.

டியூப்களைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு டியூப்பும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். நடுவில் காற்று இல்லை. வெற்றிடம் இருப்பதால்தான் உள்ளே ஏறிய வெப்பம் வெளியே கசிவதில்லை. டியூப்பின் அடிமுனையில் பேரியம் பூச்சு ஒன்று கண்ணாடிபோல் வெள்ளி நிறத்தில் மின்னும். உள்ளே காற்று புகுந்துவிட்டால் அது பால்போல் வெளுத்துவிடும். அடிமுனையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உடைந்தவை இரண்டு, வெளுத்தவை நான்கு. மற்ற ஒன்பதிலும் வெள்ளி அப்படியே இருந்தது. இன்னொரு சோதனையையும் தம்பி காட்டினார். உச்சி வெயிலில் டியூப்பின் வெளிக்கண்ணாடியைத் தொட்டால், நல்ல டியூப் ஏறக்குறைய காற்றின் சூட்டிலேயே இருக்கிறது. வெற்றிடம் போன டியூப் கையைச் சுடுகிறது. உள்ளே இருக்கவேண்டிய வெப்பம் வெளியே வந்துகொண்டிருப்பதை உள்ளங்கையே சொல்லிவிடுகிறது.

அடுத்த நாள் விடியும் முன்பே வடிகால் வால்வைத் திறந்து தொட்டியைக் காலிசெய்தோம். டியூப் ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் நீர் தங்கிவிடும் என்பதால், கழற்றும்போது சாய்த்துப் பிடிக்க ஒருவர், வாளி வைக்க ஒருவர் வேண்டும். ரப்பர் வளையம் பல ஆண்டுகளாகக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. சோப்பு நீரை ஊற்றி, மெல்லத் திருகியபடியே மேல்நோக்கித் தள்ளிய பிறகே அடிமுனை கிண்ணத்திலிருந்து விடுபட்டது. இழுத்தால் உடைந்துவிடும், திருகினால்தான் வரும். உடைந்த இரண்டின் சில்லுகளை இரட்டைச் சாக்கில் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் நேரில் சொல்லிக் கொடுத்தோம். இந்தக் கண்ணாடி ஊசிபோல் மெல்லிய சில்லுகளாக உடைகிறது. குப்பையோடு கலந்து போட்டால், கையுறை இல்லாமல் பிரிக்கும் கைகளில் அது ஏறும்.

நல்ல ஒன்பது டியூப்களைச் சாய்த்தபோது நீருக்குப் பின்னால் சரசரவென்று வந்தது உப்புப் படிவு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் ஒட்டும் அதே வெண்படிவு, இங்கே முட்டை ஓடுபோல் வளைந்த செதில்களாக, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மணல்போலவும் இருந்தது. டியூப்பின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பழைய வேட்டியில் வடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 1 கிலோ 400 கிராம். இந்த அமைப்பில் பம்பு கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏற, குளிர்ந்த நீர் அதே டியூப் வழியே கீழே இறங்குவதால்தான் நீர் சுழல்கிறது. அடியில் அடைப்பு சேரச்சேர, வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்தப் பகுதியின் வெப்பம் நீருக்குப் போய்ச் சேராது. கடைசி இரண்டு ஆண்டுகள் ‘சோலார் தண்ணி முன்ன மாதிரி சுடல’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோமே, அதன் காரணம் அந்த வேட்டியில் கிடந்தது.

மீதி ஒட்டியிருந்ததைக் கரைக்க, கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடலாம் என்றார் தம்பி. அதை நான் தடுத்தேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகையும் புள்ளிபுள்ளியாகத் துளைத்துவிடும். டியூப்பில் மிச்சம் தங்கித் தொட்டிக்குள் போனால் தொட்டி போச்சு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் இதற்குப் போதும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் சாய்த்துவைத்த டியூப்களில் ஊற்றினோம். ஊற்றிய உடனே உள்ளே சோடா திறந்ததுபோல் நுரை எழுந்தது. அந்தக் குமிழிகளும் கரியமில வாயுதான். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 44 விழுக்காடு அந்த வாயுவாகவே கட்டுண்டிருக்கிறது. நான் குறைக்க முயலும் அதே வாயு என் கண்முன்னே கொப்பளிப்பதைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டேன். செதில்களில் பெரும்பகுதியைத் தட்டியே எடுத்துவிட்டதால், அமிலத்தில் கரைந்தது 200 கிராமுக்கு மேல் இராது. வெளிவந்த வாயு 100 கிராமுக்கும் குறைவு. கீசர் ஐந்து நிமிடம் ஓடினால் அதற்கு மேல் வெளியேறிவிடும். கரைசலை ஒரு டியூப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றிமாற்றி ஊற்றி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, இறுதியில் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினோம்.

தொட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது, உள்ளே இருக்கவேண்டிய மக்னீசியத் தண்டைக் காணவில்லை. நடுக்கம்பி மட்டும் நூல்போல் தொங்கியது. எஃகு அரிக்கப்படுவதற்கு முன் தான் கரைந்துபோவதுதான் அந்தத் தண்டின் வேலை. நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அது விரைவில் கரையும். தொட்டி இன்னும் ஓட்டையாகாமல் இருந்ததே பெரிது. மக்னீசியத் தாதுவான மக்னீசைட்டை வெட்டிய சுண்ணாம்புக் கரடு தெரியும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு மக்னீசியத் தண்டை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திறந்துபார்க்காமல் இருந்தது என் கவனக்குறைவு. புதிய தண்டு 650 ரூபாய். தொட்டியின் மேலிருந்த காற்றுப்போக்கிக் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அதையும் கம்பியால் குத்தி எடுத்தோம். அந்தக் குழாய் அடைந்திருந்தால் கோடையில் நீர் கொதிக்கும்போது ஆவி வெளியேற வழியில்லாமல் தொட்டி உப்பிவிடும்.

புதிய டியூப்களை மாட்டிய நாளில்தான் தவறு நேர்ந்தது. சட்டத்தின் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசி முடிக்கவே மணி பத்தாகிவிட்டது. டியூப்கள் எல்லாவற்றையும் பொருத்தியபின், நீர் திரும்பிப் பாயாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இறுகிக்கிடப்பதைக் கண்டு புதியது வாங்கத் தம்பி கடைக்குப் போனார். வளையங்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்ற அவசரத்தில், பதினொன்றரை மணிக்கு நான் குழாயைத் திறந்தேன். வெற்று டியூப்பின் உட்கண்ணாடி வெயிலில் 200 பாகைக்கு மேல் ஏறிவிடும் என்பதைப் படித்திருந்தும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. வெளிக்கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது என்னை ஏமாற்றிவிட்டது. நீர் இறங்கிய சில நொடிகளில், தேங்காய் உடைத்தாற்போல் ஒரு சத்தம். நாலாவது டியூப் நெடுக விரிசல் விட்டு, நீர் சட்டத்தின் மேல் கொட்டியது. உடனே குழாயை மூடிவிட்டேன். திரும்பி வந்த தம்பி பார்த்துவிட்டு, “டீச்சர், வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி விட்டுடணும்ங்க, இல்லைன்னா பொழுது சாஞ்சப்புறம்தான்ங்க. மிச்சமெல்லாம் தப்பிச்சதே நம்ம நல்ல நேரம்” என்றார். வேறொரு டியூப் வாங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பொருத்தி நீர் நிரப்பினோம். டியூப்களை மாட்டிய பிறகு நீர் நிரப்பத் தாமதமானால், ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவைப்பது நல்லது.

நிழல் பிரச்சினை அடுத்தது. மட்டையை விழச்செய்த அதே தென்னை, மாடியின் தென்கிழக்கில் நிற்கிறது. சேலம் பூமத்தியரேகைக்கு வடக்கே பதினொன்றரைப் பாகையில் இருப்பதால், டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில்கூட சூரியன் தென்வானில் 55 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. காலையில் அது இன்னும் தாழ்ந்து தென்கிழக்கில் நிற்கிறது. வெந்நீர் மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் தென்னையின் நிழல் டியூப்களின் மேல் பதினொரு மணி வரை விழுந்துகொண்டிருந்தது. மரத்தை வெட்டும் பேச்சுக்கே இடமில்லை; அது அப்பா வைத்தது, ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஆகவே ஹீட்டரை மேற்கே பன்னிரண்டு அடி நகர்த்தினோம். தொட்டியும் சட்டமும் தனித்தனியாக, நான்கு பேர் தூக்கினால் போகிறது. தரையில் துளையிட்டு முடுக்கினால் தட்டோட்டின் அடியில் மழைநீர் இறங்கும் என்பதால், கால்களைக் கான்கிரீட் கட்டைகளில் பதித்து அந்தக் கட்டைகளை மாடியில் வைத்தோம். இப்போது மார்கழியிலும் ஒன்பதரைக்கெல்லாம் நிழல் விலகிவிடுகிறது. மட்டை விழுந்தாலும் அங்கே எட்டாது.

நகர்த்தியதால் வெந்நீர்க் குழாய் நீண்டு, கீழ்க் குளியலறை வரை பன்னிரண்டு மீட்டர் ஆயிற்று. காலையில் முதலில் வருவது குழாயில் இரவெல்லாம் ஆறிக்கிடந்த மூன்று லிட்டர் நீர். அதை ஒரு வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்கிறோம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் குழாய்ப் பகுதிக்குக் கறுப்பு நுரையுறை போட்டு, அதன் மேல் அலுமினிய நாடாவைச் சுற்றினோம். நாடா இல்லாவிட்டால் நுரை இரண்டு கோடையில் பொடிந்துவிடும். உறை போடுவதற்கு முன் குளியலறைக் குழாயில் காலை ஆறு மணிக்கு என் பழைய ஆய்வகத் தெர்மாமீட்டர் 47 பாகை காட்டியது. போட்ட பிறகு, ஏறக்குறைய அதேபோன்ற ஒரு நாளில் 51. தொட்டியில் மாலை ஆறு மணிக்கு 61 பாகை இருக்கும் நீர் மறுநாள் காலை 54 ஆகிறது. இரவில் யாரேனும் வெந்நீர் எடுத்தால் அந்த இடத்துக்குக் குளிர்ந்த நீர் புகுந்து கலந்துவிடுவதால், மாலைக்குப் பின் வெந்நீர்க் குழாயைத் திறப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துகொண்டோம்.

கூலி உட்பட மொத்தச் செலவு 8,800 ரூபாய். அதில் என் அவசரத்தால் உடைந்த டியூப்பின் 480 ரூபாயும் அடக்கம்.

தொட்டியில் மின்சாரக் கம்பிச்சுருள் பொருத்தும் துளை ஒன்று இருக்கிறது. மழைநாளுக்கு உதவும் என்று பலரும் அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். நான் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். 150 லிட்டரையும் சூடாக்கி இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கும் அமைப்பு அது, எங்களுக்குத் தேவையோ முகில் மூடிய நாட்களில் ஓரிரு வாளி. பழைய கீசரே அதற்குப் போதும். பதின்மூன்று நிமிடம் ஓடினால் 15 லிட்டர் 25 பாகை ஏறிவிடுகிறது, அரை யூனிட்டும் ஆவதில்லை. ஐப்பசி அடைமழையில் நான்கு நாட்கள் தொடர்ந்து மலை கண்ணுக்கே தெரியாதபோது, தொட்டி நீர் 33 பாகையில் நின்றது. அதிலும் ஒரு பயன் உண்டு. அந்த வெதுவெதுப்பான நீரோடு கீசர் நீரைக் கலந்தால், வழக்கத்தில் பாதிதான் கீசரிலிருந்து வேண்டியிருந்தது.

நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி முடிய 120 நாட்களின் குறிப்பு என் நோட்டில் இருக்கிறது. கீசரைப் போட்ட நாட்கள் 19. அது எடுத்த மின்சாரம் மொத்தம் 23 யூனிட். முன்போலவே இருந்திருந்தால் 312 யூனிட் ஆகியிருக்கும். நான்கே மாதங்களில் 289 யூனிட், கரியமில வாயுவில் 200 கிலோ. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் கட்டண விகிதமே உயர்ந்துவிடுகிறது. சென்ற பனிக்காலத்தில் நாங்கள் அந்தக் கோட்டைத் தொடவில்லை. அம்மாவுக்கு இந்தக் கணக்குகள் தேவைப்படவில்லை. முதல் நாள் வாளியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கரண்ட்டு போட்டியா?” என்று கேட்டார், இல்லை என்றதும், “அப்ப இன்னும் ஒரு சொம்பு ஊத்து” என்றார்.

கோடைக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதைப் பங்குனியில் கற்றுக்கொண்டேன். வெந்நீரை யாரும் எடுக்காத நாட்களில் தொட்டி நீர் கொதிநிலையை நெருங்குகிறது. 60 பாகைக்கு மேல் போகப்போக உப்பும் விரைந்து படிகிறது. ஆகவே பங்குனிக் கடைசியிலேயே எட்டு டியூப்களைப் பழைய தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டேன். மீதி ஏழு டியூப்கள் தரும் வெந்நீர் பாத்திரம் கழுவவும் அம்மாவின் காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும் போதுமானதாக இருந்தது. காவிரியிலிருந்து வரும் நல்ல தண்ணீரையே ஹீட்டருக்கு விட்டால் படிவு குறையும் என்று தம்பி சொன்னார். குடிக்க வரும் நீரில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் குளிக்க எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதிலாக, போகியன்றும் ஆடிப்பெருக்கன்றும் விடியும் முன் வடிகாலைத் திறந்து தொட்டியைக் கழுவிவிடுவது என்றும், ஆடிக் கழுவலின்போது நடு டியூப் ஒன்றைக் கழற்றி அடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம்.

இந்த ஆடிப்பெருக்கன்று எட்டாவது டியூப்பைக் கழற்றினோம். அடிமுனையின் வெள்ளி மங்காமல் இருந்தது. உள்ளே வந்த செதில்களைக் காயவைத்து நிறுத்ததில் 20 கிராம். மக்னீசியத் தண்டு, புதிதாகப் போட்டபோது இருந்ததைவிட ஒரு நூல் மெலிந்திருந்தது. இரண்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதி, டியூப்பை வெயில் வருமுன் திரும்ப மாட்டிவிட்டோம்.